கியர் ராடு சொல்லும் சேதி

மோட்டார் வண்டியை நன்கு பழகியவர்கள் அதன் கியர் ராட்டைப் பிடித்த மாத்திரத்திலேயே வண்டியின் நலத்தைச் சொல்லிவிடுவார்கள். நாடி பார்க்கும் வைத்தியருடைய திறமைக்கு ஒப்பானது அது. ஆயினும் மெக்கானிக்குகளுக்கு மட்டுமே உரிய வித்தையன்று. நாள்தோறும் வண்டி ஓட்டும் எவருக்கும் கைவரக்கூடியதே. நேயர்களே, அதைப் பற்றித்தான் இன்று சற்றுப் பேச எண்ணுகிறோம்.

நாம் வசிக்கும் வடாலா இப்பேச்சுக்கு ஏற்ற இடமே. கிழக்கு மும்பைக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இங்கே இருக்கிறது, எம்.எச்.03 என்று தொடங்கும் எண்களெல்லாம் இங்கிருந்து புறப்படுபவை. லாரிகள் வந்து தங்கும் பெருநிலையமும் இங்கேதான். சற்றுத் தள்ளி ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசுக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மாற்றலாகி வந்த நம்மவர் பலர், மாற்றலாகிப் போகும் இன்னொருவரிடமிருந்து பழைய காரை வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிக் கைமாறி வரும் காரில் எஞ்சின் நன்றாக இருக்கும், இருக்கைகளும் நன்றாக இருக்கும். கியர் மாற்றுவதில் மட்டும் ஓர் இதமின்மை தென்படும்.

அங்கேதான் சிக்கல் பிறக்கிறது. அயல் மாநிலத்தில் பட்டறைக்குச் சென்று, நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "கியர் கராப் ஹை" என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவர் காதில் விழுவது "கியர்" என்ற சொல் ஒன்றே. உடனே பெட்டியை இறக்க வேண்டும், பல்சக்கரங்களை மாற்ற வேண்டும் என்று பேச்சு வளர்கிறது. நம் குடியிருப்பு நண்பர் ஒருவருக்கு ஒரு பட்டறையில் எழுதித் தந்த மதிப்பீடு, அவர் காரை வாங்கிய விலையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. பிறகு வேறொருவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்து, தேய்ந்துபோன ஒரு சிறு புஷ்ஷை மாற்றினார். கியர் பழையபடி விழத் தொடங்கியது. பெட்டியை யாரும் திறக்கவேயில்லை.

இது ஏன் என்று விளங்க வேண்டுமானால், நம் கைக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே எத்தனை உறுப்புகள் உள்ளன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கை ராட்டை அசைக்கிறது. ராடு கீழே ஒரு தண்டையோ கம்பிவடத்தையோ தள்ளுகிறது. அது பெட்டிக்குள் இருக்கும் கவையை நகர்த்துகிறது. கவை ஒரு வளையத்தை நகர்த்தியபின்பே பற்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இவ்வளவு மூட்டுகளில் ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தளர்ச்சி ஏற்பட்டால் போதும். ராட்டின் மேற்பகுதி நீளம், அச்சுக்குக் கீழுள்ள பகுதி குட்டை. ஆகையால் கீழே உண்டாகும் சிறு ஆட்டம் மேலே நம் உள்ளங்கைக்கு வரும்போது பன்மடங்காகிவிடுகிறது.

மும்பை நகரமே இதற்குப் பெரிய சாட்சி. நமக்கு அண்டையிலுள்ள குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1964 முதல் பியட் 1100 டிலைட் காரை உருவாக்கி வந்தது. 1974-இல் அதற்குப் பத்மினி என்று பெயர் சூட்டினர். சித்தூர் அரசியின் பெயரைப் பெற்ற அந்தக் கார், கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாக இந்நகரை ஆண்டது என்றே சொல்லலாம். அதன் கியர் ராடு தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டிலேயே பொருத்தியிருந்தார்கள். முன்னிருக்கை ஒரே பலகையாக அமைந்து, ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவர் நெருங்கி உட்காரவும் இடம் கிடைத்தது அதனால்தான். ஆனால் பெட்டியோ எஞ்சினுக்குப் பின்னே, தரைக்கடியில். ஓட்டுநரின் கையசைவு தண்டு வழியே இறங்கி, திரும்பி, பல மூட்டுகளைக் கடந்து அங்கே போய்ச் சேர வேண்டும். தளர்ச்சிக்குக் கேட்பானேன்! பழைய பத்மினியின் ராடு காற்றாடி போல் ஆடும். பழகிய ஓட்டுநருடைய கை மட்டும் இரண்டாவது எங்கே, மூன்றாவது எங்கே என்று தடவாமல் அறியும். புஷ்களை மாற்றியும் மூட்டுகளுக்குக் கிரீஸ் இட்டும் இருபதாண்டுகள் ஓட்டினார்கள். கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ஆம் நாள் தார்தேவ் அலுவலகத்தில் பதிவாயிற்று. டாக்சிகளுக்குரிய இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியில் அவ்வினமே சாலையை விட்டு மறைந்தது.

கோளாறுகளைப் பெயரிட்டுச் சொல்லத் தமிழில் நமக்குக் குறைவே கிடையாது. அலுவலகக் கோப்பில் "இயந்திரப் பழுது" என்று இரண்டு சொற்களில் முடிந்துவிடுவதை நம் ஒலிக்குறிப்புச் சொற்கள் நான்கு விதமாகப் பிரித்துக் காட்டும். ராடு லொடலொடவென்று ஆடினால், அல்லது மூன்றாவதைத் தேடும்போது முதலாவதில் போய் விழுந்தால், மூட்டுகளையும் புஷ்களையும் பாருங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் அமுங்கிப்போனாலும் இதே குணம் காட்டும். நறநறவென்று பல்லைக் கடித்தால் அது வேறு நோய். முரண்டு பிடிப்பது இன்னொன்று. விழுந்த கியர் தானாகவே நழுவி வெளியேறுமானால் மட்டும், பெட்டியைத் திறப்பதைப் பற்றி உண்மையிலேயே யோசிக்கலாம். அப்போதும் வெளிமூட்டுகளையும் ரப்பர்த் தாங்கிகளையும் பார்த்த பிறகே.

நறநறப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆதிகால மோட்டார்களில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் சக்கரங்களை ஓட்டுநரே இசைவித்தாக வேண்டும். கிளட்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சின் வேகத்தைச் சரிப்படுத்தும் அந்த "டபுள் கிளட்ச்" முறையைப் பழைய லாரி ஓட்டுநர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 1928-இல் இதற்கொரு மாற்று வந்தது. கூம்பு வடிவமான பித்தளை வளையம் ஒன்று சக்கரத்தோடு முதலில் உரசி, வேகத்தைச் சமன் செய்தபின் பற்களைச் சேரவிடும். மெக்கானிக்குகள் அதைச் "சிங்க்ரோ ரிங்" என்பர். இசைவு வளையம் என்று நாம் அழைக்கலாம். இந்த வளையத்துக்கு உராய்வே உயிர். ஆகவே ஒரே ஒரு கியர் மட்டும், வண்டி ஓடும்போது நறநறக்குமானால், அந்த வளையம் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியரும் நறநறத்தால் வளையத்தைக் குறை சொல்ல நியாயமில்லை.

எண்ணெய் விஷயத்தில் பலர் ஏமாறுவது இந்த உராய்வை மறப்பதால்தான். விலை உயர்ந்த எண்ணெய் என்றால் வழுவழுப்பு மிகும், கியர் வெண்ணெயாக விழும் என்று எண்ணுகிறார்கள். பின்னச்சுப் பற்களின் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று அமைந்த ஜி.எல்.5 வகை எண்ணெய்களில் கந்தகச் சேர்மங்கள் மிகுதி. அவற்றுள் சில பித்தளையை அரிக்கக்கூடும். வளையத்துக்கு வேண்டிய உராய்வையும் குறைத்துவிடும். ஜி.எல்.4 என்று கைப்புத்தகத்தில் அச்சிட்டிருந்தால் அதையே ஊற்றுவது நலம். டில்லியிலோ சண்டிகரிலோ வாழும் நேயர்கள், மார்கழிக் காலையில் முதல் இரண்டு மைல் கியர் கனப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குளிரில் எண்ணெய் தடிப்பதால் நேர்வது அது. மும்பையில் அந்தச் சாக்கு செல்லாது.

முரண்டு பிடிப்பதற்கோ பெரும்பாலும் கிளட்சே பொறுப்பாளி. இதைக் கண்டறியக் காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே, பிரேக்கையும் கிளட்சையும் அழுத்திக்கொண்டு அதையே செய்யுங்கள். நின்றபோது எளிதாக விழுந்து, ஓடும்போது விழ மறுத்தால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்பது உறுதி. இரண்டு நிலையிலும் தடுத்தால் மூட்டுகளில் இறுக்கம். கிளட்ச் விடுபடாமைக்குக் கம்பிவடம் நீண்டிருக்கலாம். திரவத்தால் இயங்கும் கிளட்சானால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். அத்திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நான்கு மாதம் மழை கொட்டும் இவ்வூரில் இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் மாற்றிவிடுவது நல்லது. இவை யாவற்றுக்கும் முன்னதாகப் பெடலுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த தடித்த ரப்பர்ப் பாய், பெடலைத் தரைவரை போகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்து எறிந்தவுடன் குணமான கார்களும் உண்டு!

இளைஞர்கள் ராட்டைக் குட்டையாக்கி விளையாட்டுக் கார் போல் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் நெம்புகோலின் கணக்கு யாருக்காகவும் மாறாது. கை நகரும் தூரம் குறைந்தால் கையின் பளு கூடும். வளையம் தன் வேலையைச் செய்ய எடுக்கும் கால அளவும் அப்படியே இருக்கிறது. அதைவிடக் குமிழைச் சற்றுக் கனமானதாக மாற்றிப் பார்க்கலாம். கனம் தன் வேகத்தாலேயே ராட்டைக் கொண்டு செல்வதால் கைக்கு மிருதுவாகத் தோன்றும். இதில் பெருஞ்செலவும் இல்லை, பிடிக்காவிட்டால் பழையதைத் திருகிக்கொள்ளலாம். ஓட்டும்போது கையை ராட்டின்மேல் இளைப்பாற விடுவதை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். அந்த இலேசான பளு ஓயாமல் உள்ளே கவையை அழுத்தித் தேய்க்கிறது.

இனி, பட்டறையில் பேசுவதற்கு. "கியர் கராப்" என்பதை மறந்துவிட்டு, சோதனையில் கண்டதை அப்படியே சொல்லுங்கள். இந்தி வழங்கும் ஊரானால் இவ்வளவு போதும்: "எஞ்சின் பந்த் ஹோ தோ கியர் லக்தா ஹை, சாலூ ஹோ தோ நஹீ லக்தா." எஞ்சின் நின்றிருந்தால் விழுகிறது, ஓடினால் விழவில்லை என்பது பொருள். கேட்ட மெக்கானிக், தொழில் தெரிந்தவரானால், பெட்டியின் பக்கம் போகமாட்டார். கதவைத் திறந்து கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்ப்பார்.