திரும்பி வரும் நகல்



காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கூரம், கூரத்தாழ்வான் அவதரித்த ஊர். குருபரம்பரை அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்கிறது. ஸ்ரீபாஷ்யம் எழுத போதாயன விருத்தி என்ற பழைய உரை ராமானுஜருக்குத் தேவைப்பட்டது. ஆழ்வானை அழைத்துக்கொண்டு அதைத் தேடிக் காஷ்மீரம் வரை போனார். சுவடி கிடைத்தது. ஆனால் அந்த ஊர்ப் பண்டிதர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராமானுஜர் கலங்கியிருந்தபோது, தாம் இராப்பொழுதுகளில் அதை முழுக்கப் படித்து மனத்தில் வாங்கிவிட்டதாக ஆழ்வான் சொன்னாராம். பிறகு வேண்டிய இடத்தில் வேண்டிய வரியை எடுத்தும் கொடுத்தார். எடுத்துக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்: திரும்ப எடுக்க முடிந்தால்தான் அது நகல்.

பாட்டுப் பதிவு செய்கிற கணினியில் கோப்புகளை எப்படி அடுக்கி வைப்பது, எப்படி நகல் எடுப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். ஸ்ருதி சேர்ப்பதைப் போல இதுவும் இசைக்காரரின் வேலை என்று நான் நம்புகிறேன்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிந்தால், ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய எட்டரை மெகாபைட் ஆகும். எட்டு மைக் வைத்து மூன்று மணி நேர நாதஸ்வரக் கச்சேரியைப் பதிந்தால் 12 ஜிகாபைட்டைத் தாண்டும். இதையெல்லாம் எங்கே வைப்பது?

ஹார்டு டிஸ்க் மட்டும் இருந்த நாளில், படிக்கும் முள் இங்கும் அங்கும் தாவித் திணறக் கூடாதே என்று மென்பொருளுக்கு ஒரு டிஸ்க், பாட்டுக்கு ஒரு டிஸ்க் என்று பிரித்தார்கள். எஸ்.எஸ்.டி. வந்தபின் அந்தக் கவலை பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் நான் இன்னும் பிரித்துத்தான் வைக்கிறேன். மென்பொருளைத் திரும்ப நிறுவலாம். காசு கொடுத்து வாங்கிய வயலின், தபேலா சாம்பிள்களைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். ஒரு தை மாதத்து அதிகாலையில் கோயிலில் பதிந்த பிரபந்த கோஷ்டியை எங்கிருந்து இறக்குவது? திரும்பக் கிடைக்காதது தனி டிஸ்க்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் எதற்கு நகல் வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

நான் இழந்து கற்ற பாடம் ஒன்று. என் பழைய கணினியில் சி, டி, இ என்று மூன்று டிரைவ் தெரியும். டி-யில் பதிந்ததை ஒவ்வொரு வாரமும் இ-க்கு நகல் எடுத்தேன். இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றும் ஒரே டிஸ்க்கை வகுத்த மூன்று அறைகள். ஒரு மழைக்கால இரவில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. டிஸ்க் நின்றது. இரண்டு நகலும் ஒன்றாகவே போயின. இன்றும் பல வீடுகளில் இதே ஏற்பாட்டைப் பார்க்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

இது வீட்டுக் கணினியின் கதை மட்டுமல்ல. வெளியான பாட்டு ஊரெல்லாம் இருக்கும். ஆனால் குரல் தனி, மிருதங்கம் தனி என்று பிரிந்திருக்கும் மூலத் தடங்கள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் இருக்கும். 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோ வளாகம் தீப்பிடித்தபோது மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. அந்த இழப்பு எவ்வளவு பெரிது என்ற பேச்சே 2019இல்தான் வெளியுலகில் எழுந்தது.

இன்னொன்று. கியூபேஸ் போன்ற மென்பொருளில் புராஜெக்ட் கோப்புக்குள் ஒலி கிடையாது. எந்த ஒலி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்புத்தான் அதில் உண்டு. அதை மட்டும் நகலெடுத்தவர் வெறும் விலாசத்தைப் பத்திரப்படுத்தியவர். கியூபேஸில் 'பேக்கப் புராஜெக்ட்', ஏபிள்டன் லைவில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்', புரோ டூல்ஸில் 'சேவ் காப்பி இன்' என்ற கட்டளைகளால் ஒலியையும் சேர்த்து எடுத்துவைக்கலாம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாக்கிவிடுங்கள். பிளக்-இன் மறைந்துபோனாலும் வேறு மென்பொருளில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து வாசிக்கலாம்.

பெயரில் ஒழுங்கு வேண்டும். காஞ்சித் தறியில் ஜக்கார்டு அட்டைகளை வரிசை மாறாமல் கோத்து வைப்பார்கள். ஓர் அட்டை இடம் மாறினால் பூ சிதைந்துவிடும். நான் ஆண்டு, மாதம், தேதி, இடம், கருவி என்று அதே வரிசையில் பெயர் வைக்கிறேன்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நல்ல விதி. என் மூன்றாவது பிரதி காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. கிளவுடில் தானாக ஒத்திசைவதை மட்டும் நம்பாதீர்கள். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும்.

ஆனால் அந்த விதியில் ஒரு குறை காண்கிறேன். பிரதியைத் திறந்து பார் என்று அது சொல்லவில்லை. அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போய், டிஸ்க்கை எடுத்துச் செருகி, ஏதாவது ஒரு பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். போன மாதம் எட்டுத் தடங்களில் தவில் தடம் மட்டும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாம் பிரதியிலிருந்து எடுத்துப் புதிதாக எழுதினேன். அதையும் ஓடவிட்டுக் கேட்டேன். தவில் சரியாக இருந்தது.