பட்டா இல்லாத மொழி



பட்டப்படிப்பு முடித்த நம்ம பிள்ளைகள் இத்தனை பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. "வெளிநாட்டு மொழி படிச்சா வேலை கிடைக்குமாண்ணே?" என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழி தனியாகச் சோறு போடாது. உங்கள் பட்டத்தோடு சேர்ந்தால் போடும். சோற்றுக்கு மேலேயும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடைசியில் பேசுவோம்.

ஆங்கிலம் இந்த நாட்டில் சிலருக்குப் பரம்பரைச் சொத்து. தாத்தா வக்கீல், அப்பா ஆபீசர், பிள்ளை கான்வென்ட். நாம் கல்லூரிக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் அவர்கள் மூன்று தலைமுறை தூரம் ஓடிமுடித்திருக்கிறார்கள். ஜெர்மன் அப்படியில்லை. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் முதல்நாள் வகுப்பில் உட்காருகிறவர்களில் அநேகமாக எல்லாருமே, "என் பேர் இன்னது" என்பதைக்கூடத் தடுமாறித்தான் சொல்லவேண்டும். டெர், டீ, டாஸ் என்ற மூன்று பால் பங்களா வீட்டுப் பிள்ளையையும் குழப்பும், கூலிக்காரர் பிள்ளையையும் குழப்பும். அந்த மொழிக்கு எந்த அக்கிரகாரமும் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை. வகுப்புக் கட்டணம் கட்டுவதிலும் வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கான இடத்திலும் சாதி வந்து நிற்கத்தான் செய்யும். ஆனால் எழுத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறோம். நமக்கு இது அபூர்வமாகக் கிடைக்கிற இடம்.

அம்பேத்கர் இதை அப்போதே கண்டுகொண்டவர். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் இருந்தபோதே பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தார். 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தபோது தன் கைப்பட ஜெர்மனிலேயே எழுதினார். "உனக்கெதுக்குடா ஜெர்மன்?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஐரோப்பிய மொழிகளுக்கு ஆறு படி: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1 சான்றிதழோடு போனால் யாரும் நாற்காலி போடமாட்டார்கள். ஜெர்மனியில் பதிவுபெற்ற செவிலியராகப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஜெர்மன் வழியில் பல்கலைக்கழகப் படிப்பு என்றால் சி1 அளவுக்குப் போகவேண்டும். வேலையை விடாமல் படிக்கிறவருக்கு பி2 என்பது வருஷக்கணக்கு. "மூன்றே மாதத்தில் ஜெர்மனி" என்று போர்டு மாட்டியிருப்பவனிடம் அம்மாவின் கம்மலை விற்றுக் கொடுக்காதீர்கள். நர்சிங் முடித்த தங்கச்சிகள் ஏஜெண்டைத் தேடிப்போவதற்கு முன்னால் தாட்கோவிலும், மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் கேட்டுப் பாருங்கள். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமே ஜெர்மன், ஜப்பான், கொரியக் கம்பெனிகள் இருக்கின்றன. மெஷினும் தெரிந்து மொழியும் தெரிந்தவன் அங்கே தனியாகத் தெரிவான்.

பி.ஏ. வரலாறு, தமிழ் படித்தவர்கள் முகம் வாடவேண்டாம். டெல்லி ஜே.என்.யூ., ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், பிரெஞ்சுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், இவை மூன்றும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இட ஒதுக்கீடு உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் மொழிகளில் 'நெட்' தேர்வும் இருக்கிறது. எம்.ஏ. முடித்து அதில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போட்டி போடலாம்.

அடுத்தது பணம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. "இலவசம்" என்று இதை வைத்துத்தான் சொல்றாங்க. ஆனால் விசாவுக்கு ஒரு வருஷச் செலவைக் கணக்கில் முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அதை 11,904 யூரோ ஆக்கினார்கள். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல்! நான் வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன். கல்விக்கடனுக்குப் பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் பத்திரம் எங்கே என்று கேட்கும். நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பெட்டியில் பத்திரம் இருக்கிறது? நிலம் இல்லாதவனிடம் நிலத்தைக் கேட்கிற விதிக்குச் சாதி கிடையாது என்று நான் எப்படி நம்புவேன்?

ஆகவே கடனுக்கு முன்னால் உதவித்தொகையைக் கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. அம்பேத்கர் பெயரில் மாநில அரசு தரும் அயல்நாட்டு உயர்கல்வி உதவி ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை போகிறது. வருமானம், வயது, மதிப்பெண் வரம்பு எல்லாவற்றையும் அரசாணையிலேயே படியுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள். 2022இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தத் தொகை இல்லை என்றது. அதாவது, நீ வெளிநாடு போகலாம், கம்ப்யூட்டர் படிக்கலாம். ஆனால் சாதியைப் பற்றி அங்கே போய் ஆராயக்கூடாது. எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

கடைசியில் பேசுவோம் என்று சொன்ன விஷயம் இதுதான். ஜெர்மன் அகராதியிலும் பிரெஞ்சு அகராதியிலும் 'பாரியா' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்று அர்த்தம். அது நம்ம சொல். பறையர் என்ற பெயரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் உலகத்துக்கு வசவாக்கிவிட்டார்கள். யூதர்களைப் பற்றி எழுதவந்த மாக்ஸ் வேபரும் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். பறை அடித்தவன் கையைப் பற்றி அந்த அகராதி எதுவும் சொல்லாது.

புதுச்சேரிப் பக்கத்துச் சேரியில் கூலிவேலை செய்த வீரம்மா தமிழில் சொன்ன வாழ்க்கைக் கதை, ழோசியான் ராசினின் முயற்சியில் 1995இல் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. அதன் பிரெஞ்சுத் தலைப்பிலும் அந்தப் 'பாரியா' இருக்கிறது! அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீரம்மாவின் பேத்தி தலைமுறையில் ஒருத்தி பிரெஞ்சு படித்து, "இந்தச் சொல்லைப் போடாதே, இதைப் போடு" என்று சொல்கிற நாள் வரவேண்டாமா? நம்ம ஒப்பாரியை, நம்ம கவிதையை, நம்ம வழக்குகளை இன்னொரு மொழிக்கு யாரோ கொண்டுபோகும்வரை நாம் அங்கே பேசப்படுகிறவர்கள்தான், பேசுகிறவர்கள் இல்லை.

பிழைப்புக்காகப் படியுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நாலுபேர் சேர்ந்து ஒருத்தருக்குக் கட்டணம் கட்டுங்கள். அவர் படித்ததை ராத்திரி காலனிப் பள்ளிக்கூடத்தில் மற்ற மூன்று பேருக்குச் சொல்லித்தரட்டும். அந்த நாலு பேரில் ஒருத்தராவது அந்த அகராதியைத் திருத்துகிறவராக வரட்டும்.



(பட்டதாரி இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)