விளக்கு கொடுக்கிறார்கள், மின்சாரம் எங்கே?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கார்ப்பரேட் உதவியுடன் தொலைதூரக் கிராமங்களுக்குத் தூய ஆற்றல் என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இப்படிப்பட்ட திட்டங்களின் அறிக்கைகளை நிறையப் படிக்க வேண்டியிருந்தது. பலவற்றின் அட்டையிலும் ஒரே மாதிரிப் படம்தான். ஒரு சோலார் விளக்கு, அதன் முன்னால் புத்தகத்தை விரித்துப் படிக்கும் ஒரு சிறுமி, மூலையில் கம்பெனியின் சின்னம். அந்தச் சிறுமி எந்தத் தெருவைச் சேர்ந்தவள், அந்தத் தெருவுக்கு இத்தனை காலம் ஏன் கரண்ட் வரவில்லை என்ற கேள்விகளுக்கு உள்ளே பதில் இருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரானவள் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தை இழந்தவர்களிலும், அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சுவாசிப்பவர்களிலும் நம் மக்கள் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. யாருக்கு, எவ்வளவு மின்சாரம், என்ன விலைக்கு, யாருடைய பொறுப்பில்? அது உரிமையாக வருகிறதா, தானமாக வருகிறதா?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் தலைமையேற்றுப் பேசிய அவர், மின்சாரம் தனியார் கையில் இருப்பதா அரசின் கையில் இருப்பதா என்பதையே முதன்மையான கேள்விகளில் ஒன்றாக வைத்தார். மின்சாரம் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் தொழில் வளர்ச்சி இல்லை, தொழில் வளர்ச்சி இல்லாமல் வறுமையிலிருந்து விடுதலை இல்லை என்பது அவருடைய வாதம். அவர் பேசியது விளக்கைப் பற்றி அல்ல; வாழ்க்கையையே மாற்றும் ஆற்றலைப் பற்றி. மலிவு, ஏராளம், பொதுப் பொறுப்பு என்ற இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்றைய நிலைமையைப் பார்ப்போம்.

ஒரு கிராமம் எப்போது மின்வசதி பெற்றதாகக் கருதப்படும் என்பதற்கு ஒன்றிய அரசு 2004இல் ஒரு வரையறை கொண்டுவந்தது. அதில், குடியிருப்புப் பகுதியிலும் 'தலித் பஸ்தி' இருந்தால் அங்கும் மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் போன்ற அடிப்படை வசதிகள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இதைக் கவனியுங்கள். ஊர் வேறு, சேரி வேறு என்பதும், ஊருக்கு வரும் கம்பி சேரிக்குப் போகாமல் நின்றுவிடும் என்பதும் அரசுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தனியாகக் குறிப்பிட வேண்டியிருந்தது. ஆனால் அதே வரையறை, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களோடு 10% வீடுகளுக்கு இணைப்பு இருந்தால் போதும் என்றும் சொல்கிறது. அந்தப் பத்தை ஊர்த்தெருவிலேயே முடித்துவிடலாம். சேரிக்குக் கம்பம் வரும். வீட்டுக்குள் கரண்ட் வர வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தக் கணக்கின்படிதான் 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதாக அறிவித்தார்கள்.

வீடுகளை இணைக்க 2017இல் சௌபாக்யா திட்டம் வந்தது. கம்பி போகும் இடத்துக்கு முறையான இணைப்பு. கம்பி போக முடியாது என்று முடிவு செய்த இடத்துக்கு 200 முதல் 300 வாட் வரையிலான சோலார் தொகுப்பு: ஐந்து எல்இடி விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு பிளக். நம் வீட்டு மிக்சியே 500 வாட். அப்படியானால் மலையில் இருக்கும் பழங்குடிப் பெண் மாவரைக்க மாட்டாள், மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்க மாட்டாள், தையல் மெஷினில் மோட்டார் பொருத்த மாட்டாள் என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு போதும் என்று மேலிருப்பவர் தீர்மானிப்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

இப்போது பீகாரின் ஜெகானாபாத் மாவட்டத்தில் உள்ள தர்னாய் கிராமத்துக்கு வருவோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர். 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து அங்கே 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் அமைத்தது. சுமார் 450 வீடுகள். உலகப் பத்திரிகைகள் எழுதின. அடுத்த மாதம், அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதிஷ்குமார் அங்கே வந்தபோது, ஊர்மக்கள் 'அஸ்லி பிஜ்லி' கேட்டார்கள். அதாவது, உண்மையான மின்சாரம் வேண்டும் என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை சோலாரில் வந்தது போலி. காரணம் எளிமையானது. அரசு மின்சாரத்தைவிட அதன் விலை அதிகம். ஃபிரிட்ஜ் போன்றவற்றைப் போட முடியாது. கொஞ்ச நாளில் அரசின் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஓய்ந்தன. 2021இல் அந்தச் சோலார் நிலையம் மாட்டுக்கொட்டிலாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது.

தர்னாயைக் காட்டி, பாமர மக்களுக்குச் சூழலியல் புரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது நேர்மாறானது. அந்த மக்களுக்கு மிக நன்றாகப் புரிந்திருக்கிறது. நகரத்தில் இருப்பவனுக்கு மலிவாக, தடையில்லாமல் கிடைப்பது எனக்கு மட்டும் ஏன் விலை கூடுதலாக, அளந்து அளந்து கிடைக்கிறது என்று கேட்டார்கள். தர்னாய் கம்பெனித் திட்டம் அல்ல, ஒரு சூழலியல் அமைப்பு நல்லெண்ணத்தோடு செய்தது. நல்லெண்ணத்துக்கே இதுதான் கதி என்றால், லாபக் கணக்கோடு வருபவர்களைப் பற்றி என்ன சொல்வது?

மைக்ரோகிரிட் வட்டாரங்களில் 'ஏபிசி மாதிரி' என்று ஒன்று உண்டு. ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 2015இல் இந்தியாவில் தொடங்கிய திட்டம் இந்த மாதிரியைப் பரவலாக்கியது. ஏ என்றால் செல்போன் கோபுரம் போல நிலையாகப் பணம் கட்டும் பெரிய வாடிக்கையாளர். பி என்றால் கடை, அரிசி ஆலை. சி என்றால் சமூகம், அதாவது வீடுகள். வணிகமாகப் பார்த்தால் இதில் தவறு இல்லை, கட்டுபடியாக வேண்டுமே. ஆனால் கிராமத்தில் கோபுரத்துக்கு இடத்தை வாடகைக்கு விடுபவர் யார்? கடையும் ஆலையும் யாருடையவை? நிலம் வைத்திருக்கும் சாதிகளின் வீடுகளைச் சுற்றியே கம்பி போகும். சி என்ற எழுத்தின் கடைசி முனையில் சேரி நிற்கும். சாதி பார்த்து யாரும் கம்பி இழுக்க வேண்டியதில்லை; சொத்தைப் பார்த்து இழுத்தாலே போதும்.

அடுத்தது சிஎஸ்ஆர் எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2% செலவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே இது கொடை அல்ல, சட்டக் கடமை. இந்த விதிகளின்படி ஒரு தொடர் திட்டம், தொடங்கிய நிதியாண்டு போக, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் ஓடலாம். சோலார் தகடு 25 ஆண்டுகள் வரை தாங்கும். ஆனால் இத்திட்டங்களில் பரவலாகப் பயன்படும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள். அதாவது, பேட்டரி மாற்ற வேண்டிய நேரத்தில் திட்டம் முடிந்திருக்கும். அறிக்கையில் வெற்றி, குடிசையில் இருட்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நான் போன ஒரு இருளர் குடியிருப்பில் இதைப் பார்த்தேன். கம்பெனி பெயர் போட்ட பலகை ஒன்று நின்றது. அங்கிருந்த அம்மா ஒருவர் சொன்னார்: "போர்டு நல்லாத்தான் இருக்குது கண்ணு. லைட்டு எரிஞ்சு ரெண்டு மழை ஆச்சு. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல." அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். மின்வாரியம் என்றால் திட்டலாம், மனுக் கொடுக்கலாம், சாலையில் உட்காரலாம். தானம் கொடுத்தவரிடம் என்ன கேட்பது?

காட்டுக்குள் கம்பி இழுக்கச் சட்டம் அனுமதிக்காது, அதனால் சோலார்தான் வழி என்று அதிகாரிகள் சொல்வார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள். கிராம சபையின் பரிந்துரையோடு, ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், 13 வகை வசதிகளுக்குப் பயன்படுத்தலாம். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகியவற்றோடு மின்கம்பிப் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மரபுசாரா எரிசக்தியும் இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் கிராம சபை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். கம்பி வரும்வரை மண்ணெண்ணெய்ப் புகையிலும் பாம்புப் பயத்திலும் பிள்ளைகள் இருக்க வேண்டுமா? வேண்டாம். விளக்கு வந்தால் வாங்கிக்கொள்வோம். ஆனால் நிபந்தனைகளோடு வாங்குவோம். திட்டத்தைத் தீர்மானிப்பது கிராம சபையாக இருக்க வேண்டும்; சேரியும் பழங்குடிக் குடியிருப்பும் கடைசியில் அல்ல, முதலில் இணைக்கப்பட வேண்டும். அரசு மின்சாரத்தின் விலையைவிட ஒரு பைசா கூடுதலாக நம்மிடம் வாங்கக் கூடாது; வித்தியாசத்தை அரசோ நிறுவனமோ ஏற்கட்டும். முதல் பேட்டரி மாற்றத்துக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்துகளைப் பயனாளிகளின் சுய உதவிக் குழுக்கள், கூட்டமைப்புகள் பெயரில் வைக்க 2021 விதித்திருத்தம் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தி உடைமையும் பராமரிப்பு வேலையும் நம் பெண்களிடம், நம் இளைஞர்களிடம் வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சோலார் வந்துவிட்டது என்பதைக் காட்டி அந்த ஊரை அரசு தன் பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடாது.

'தூய ஆற்றல்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியவர்கள். புகை வராததால் மட்டும் ஒரு மின்சாரம் தூய்மையாகிவிடாது. ஓய்ந்துபோன பேட்டரியை உடைத்து ஈயத்தைப் பிரிக்கும் கைகள் யாருடையவை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

உங்களில் பலர் பொறியியல், சமூகப் பணி படிப்பவர்கள். நாளை இதே சிஎஸ்ஆர் பிரிவுகளில் வேலைக்கும் போவீர்கள். போங்கள். அங்கே ஒரு கிராமத்தின் வரைபடத்தை விரிக்கும்போது, சேரி எங்கே இருக்கிறது, கம்பி அதுவரை போகிறதா, மூன்று ஆண்டு கழித்து பேட்டரியை யார் மாற்றுவார் என்று கேளுங்கள். வேலைக்குப் போகாதவர்கள் கிராம சபைக்குப் போய் இதையே கேளுங்கள். கேள்வி ஒன்றுதான், கேட்கும் இடம்தான் வேறு.