தறி சொன்ன சாட்சி
(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் பேசியது)



சித்திரத்தில் ராஜா கையில் செங்கோல் இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டென்று நமக்குத் தெரியும். ஏழை வீட்டுத் தறிக்கும் அப்படி ஓர் அர்த்தம் உண்டா? உண்டு. காட்டியவர் ஜெர்மன் பெண் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ்.

1844 ஜூன் மாதம், பிரஷ்ய ஆட்சியிலிருந்த சைலீஷியாவில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வீட்டிலேயே தறி போட்டு நெய்து, வியாபாரி கொடுத்த கூலியை வாங்கிப் பிழைத்தவர்கள் அவர்கள். கூலி வயிற்றுக்குப் போதவில்லை. பட்டாளம் வந்து சுட்டது. 11 பேர் மாண்டார்கள். இந்தப் போராட்டத்தை வைத்து ஹாப்ட்மன் எழுதிய ‘நெசவாளர்கள்’ நாடகத்தை 1893இல் கோல்விட்ஸ் பார்த்தார். 1897 வரை உழைத்து, ஆறு படங்களாகத் தீட்டினார்.

முதல் படத்தைப் பாருங்கள். வாடிய குழந்தை படுக்கையில் கிடக்கிறது. தாய் தலையில் கை வைத்துக் குனிந்திருக்கிறாள். பின்னால் பெரிய தறி. அந்த வீட்டில் மனிதருக்கு உள்ள இடத்தைவிடத் தறிக்கு உள்ள இடம் அதிகம்! வேலை செய்யாதவன் பட்டினி கிடக்கிறான் என்று சொல்வார்களே, அந்தப் பொய்யை இந்தத் தறி உடைக்கிறது. இங்கே வேலையும் இருக்கிறது, பட்டினியும் இருக்கிறது.

நாலாவது படத்தில் ஊர்வலம். ஆண்கள் கையில் கோடாலி. ஒருத்தி, தூங்கும் குழந்தையை முதுகில் சுமந்து நடக்கிறாள். ஐந்தாவதில் முதலாளி வீட்டு இரும்புக் கதவு. பெண்கள் தெருக்கல்லைப் பெயர்க்கிறார்கள். ஒருத்தி மடித்துணியில் கல்லை ஏந்துகிறாள். வீட்டு வேலைக்குக் கட்டிய துணிதான் அது!

கடைசிப் படத்தில், சுடப்பட்டவர்களை வீட்டுக்குள் தூக்கி வருகிறார்கள். அங்கேயும் தறி. முதலில் தலைவிதிபோல் தோன்றிய தறி, இப்போது சாட்சியாக நிற்கிறது: ‘என்னை ஓட்டியவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கிடைத்தது இது.’

1898இல் பெர்லின் கண்காட்சி நடுவர்கள் இவருக்குப் பதக்கம் சிபாரிசு செய்தார்கள். சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். தறியின் பேச்சு அரண்மனைக்கும் எட்டிவிட்டது போலும்!

தோழர்களே, நமது சங்கத் தட்டிகளில் ஓங்கிய கையை எழுதுகிறோம். நல்லதுதான். அந்தக் கை காலையில் எதைப் பிடித்த கை என்பதையும் எழுதுவோம். அரிவாளை எழுதுவோம், பஞ்சு படிந்த சட்டையை எழுதுவோம், காலித் தூக்குச்சட்டியை எழுதுவோம். எழுத்துத் தெரியாத தோழரும் தட்டி முன்னால் நின்று, ‘இது எங்கள் வீட்டுச் சட்டி’ என்பார். அங்கிருந்து நாம் பேச்சைத் தொடங்கலாம்.