மிச்சம் பிடித்த கணக்கு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விடுபட்ட சில எண்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. கவிதைக்காரன் கணக்கு பேச வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. பகல் முழுக்க நான் பார்ப்பது கணக்குதான். வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். தோடு வரும், மூக்குத்தி வரும், சில நாள் தாலியும் வரும். எதற்குக் கடன் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. விவசாயம் என்று எழுதச் சொல்வார்கள். அந்தம்மா கையில் இருப்பது ஆஸ்பத்திரிச் சீட்டு.

என் அப்பா கரும்பு வெட்டும் கூலி. பிரஷர் இருக்குன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. மாத்திரைக்குக் காசு கிடையாது. ஆனால் மாதம் ஒருநாள் போய் வரிசையில் நிற்கணும். அன்றைக்குக் கூலி போச்சு. நாலு மாசம் போனார். "நல்லாத்தானடா இருக்கேன்"னு நிறுத்திவிட்டார். பிரஷர் வலிக்காது, அதுதான் அதன் சூது. ஆறு வருஷம் கழித்து கால் வீங்கி, மூச்சு முட்டிப் படுத்தபோது ரெண்டு கிட்னியும் போயிருந்தது. பதினொரு மாசம் டயாலிசிஸ். இருந்த அரைக்காணியை விற்றோம். அவர் போய்ச் சேர்ந்தபின் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு வருஷத்தில் நாங்கள் மிச்சம் பிடித்தது 72 நாள் கூலி.

இதே கணக்கை ஒரு நாடே போட்டிருக்கிறது. அதுவும் ஏழை நாடு அல்ல, உலகிலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கும் நாடு. அமெரிக்காவைத்தான் சொல்கிறேன். அமெரிக்கக் கதை நமக்கெதுக்குன்னு கேட்பீர்கள். ரெண்டு காரணம். ஒன்று, அங்கே இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துப் பார்க்க முடிகிறது. இன்னொன்று, அந்தக் கணக்கில் பற்று எழுதப்பட்டவர்கள் யாரென்று பார்த்தால் அவர்கள் நம் ஆட்கள். தோல் நிறம் வேற, மொழி வேற, நிற்கிற இடம் ஒண்ணுதான்.

அந்த ஊரில் இன்சூரன்ஸ் இல்லாதவன் சுகர், பிரஷர் என்று டாக்டரிடம் போனால் முதலில் காசு கேட்பார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். ஆனால் 1986இல் ஒரு சட்டம் வந்தது. உயிர் போகும் நிலையில் அவசரப் பிரிவுக்கு வருகிறவனைக் காசு இல்லையென்று விரட்டக்கூடாது. பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அது சொல்லாமல் சொல்லுவது என்ன? நோயாளியாக வராதே, சாகப்போகிறவனாக வா. மாத்திரைக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கும், பக்கவாதத்தோடு வந்தால் திறக்கும். மாத்திரை சில காசு. பக்கவாதத்துக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? பொதுப் பணம்தான் கொடுக்கிறது.

கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் நிக்சன் கையெழுத்திட்ட சட்டப்படி, சிறுநீரகம் செயலிழந்த எவருக்கும், அவரோ குடும்பத்தாரோ உழைத்துச் சமூகப் பாதுகாப்பு வரி கட்டியிருந்தால், வயது பார்க்காமல் அரசே டயாலிசிஸுக்குப் பணம் தரும். மெடிகேர் என்று பெயர். இன்று மெடிகேர் பயனாளிகளில் இவர்கள் சுமார் 1 சதவீதம்; இவர்களுக்காகும் செலவோ மொத்தத்தில் சுமார் 7 சதவீதம். சிறுநீரகம் கெட முதல் காரணம் சர்க்கரை, இரண்டாவது ரத்த அழுத்தம். இரண்டையும் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். மாத்திரை வாங்க வழியில்லாமல் விட்டவனுக்கு, கிட்னி போனபிறகு அதே அரசு வருஷக்கணக்காக மெஷினுக்குப் பணம் கட்டுகிறது. கறுப்பின மக்கள் அந்நாட்டு மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் அவர்கள் 30 சதவீதத்துக்கு மேல்.

அந்த 1972 சட்டத்துக்கும் வெளியே ஒரு கூட்டம் நிற்கிறது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் போனவர்கள், காகிதம் இல்லாதவர்கள். தக்காளி பறிக்கிறவர்கள், கூரை போடுகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள். பலருக்குச் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், பலன் கிடையாது. இறந்தால் அவர்கள் உறுப்பை எடுத்து அடுத்தவருக்கு வைக்கத் தடையில்லை. அவர்களுக்கு ஓர் உறுப்பு வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் எங்கே என்று கேள்வி வரும். அறுத்த நெல் வேணும், அறுத்தவன் கை தொட்ட தண்ணி வேண்டாம். நமக்கு விளக்கவா வேணும்?

டயாலிசிஸ் என்பது வாரம் மூன்று தடவை. இவர்களுக்குப் பல மாநிலங்களில் அப்படிக் கிடையாது. அவசரம் என்றால் மட்டும்தான். வாரம் முழுக்க உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு அடைக்கும். அவசரப் பிரிவுக்கு ஓடுவார்கள். ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறியிருந்தால் மெஷின். ஏறவில்லையென்றால் "இன்னும் மோசமாகவில்லை, வீட்டுக்குப் போ." அதனால் சிலர் வேண்டுமென்றே வாழைப்பழமும் ஆரஞ்சுச் சாறும் சாப்பிட்டு அந்த எண்ணை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பதிவாகியிருக்கிறது. வைத்தியம் கிடைக்க விஷத்தைத் தின்கிறான். வங்கியில் எந்தக் கணக்கிலும் சேராத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். சில லட்சம் ரூபாய் அப்படி நின்றாலே எங்கள் மேனேஜருக்குத் தூக்கம் வராது. இங்கே மனிதர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதில் அரசுக்கு என்ன மிச்சம்? ஹூஸ்டன் நகரத்தில் 2007இல் வெளியான ஆய்வு: ஒழுங்கான டயாலிசிஸ் கிடைத்த ஒருவருக்கு வருஷம் சுமார் 77,000 டாலர் செலவு. அவசரத்துக்கு மட்டும் என்று விடப்பட்ட ஒருவருக்குச் சுமார் 2,85,000 டாலர். கிட்டத்தட்ட 3.7 மடங்கு. டல்லஸில் 181 பேரைப் பார்த்தார்கள். ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் 105 பேருக்குத் தனியார் இன்சூரன்ஸ் கிடைத்து முறையான டயாலிசிஸுக்கு மாறினார்கள். 76 பேர் பழையபடியே. ஒரு வருஷத்துக்குள் மாறியவர்களில் 3 சதவீதம் பேர் இறந்தார்கள், மாறாதவர்களில் 17 சதவீதம். மாறியதால் ஆளுக்கு மாதம் 5,700 டாலருக்கு மேல் செலவு குறைந்தது.

ஆக, கதவைச் சாத்தினால் செலவு கூடுகிறது, திறந்தால் குறைகிறது. கூட்டல் கழித்தல் தெரிந்த எவனுக்கும் இது புரியும். அப்புறம் ஏன் சாத்துகிறான்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள் என்ன சொல்வார்களோ, நம் சேரியில் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். டீக்கடையில் ரெட்டைக் குவளை வைக்கிறவன் ரெண்டு செட்டு குவளை வாங்குகிறான். செலவாகுதேன்னு எந்தக் கடைக்காரனும் குவளையை ஒழிக்கவில்லை. ஊருக்கு ரெண்டு சுடுகாடு, ரெண்டு பாதை. தீண்டாமை சிக்கனமானது என்று யார் சொன்னது? அது ஊதாரித்தனம். வேலி போட ஆகும் செலவை விரும்பித்தான் செய்கிறான். ஏனென்றால் வேலிதான் அவனுக்குச் சொத்து.

அமெரிக்காவின் வேலிக்கும் வரலாறு உண்டு. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே விட்டார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் செய்த வேலை அந்த ரெண்டும்தான். 1946இல் ஆஸ்பத்திரி கட்ட மத்திய அரசு பணம் கொடுத்தது. கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்று கட்டவும் அந்தச் சட்டமே இடம் கொடுத்தது. ரெட்டைக் குவளையை ரெட்டை வார்டு என்று வாசியுங்கள். 1963இல் நீதிமன்றம் அந்தப் பிரிவை அடித்தது. 1966இல் மெடிகேர் பணம் வேண்டுமானால் பிரிவினை கூடாது என்றபிறகுதான் பல வார்டுகள் ஒன்றாயின. ஆனால் வேலி வேறிடத்தில் முளைத்தது. 2010இல் ஏழைகளுக்கான மெடிகெய்டை விரிவாக்கும் சட்டம் வந்தது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தரும். சேருவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 தொடங்கியபோதும் 10 மாநிலங்கள் சேரவில்லை. டெக்சாஸ், ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நூறு ரூபாயில் தொண்ணூறு சும்மா வருகிறது, வேண்டாம் என்கிறான். வந்தால் யாருக்குப் போகும் என்பதுதான் அவன் பிரச்சினை.

தோழர்களே, இங்கே என்னையே நான் எச்சரித்துக்கொள்கிறேன். கணக்கு கூர்மையான கத்தி. திருப்பிப் பிடித்தால் நம் கையையே வெட்டும். வைத்தியம் கொடுத்தால் செலவு குறைகிறது, அதனால் கொடு என்று கேட்கிறோம். நாளைக்கு ஒருவன் வேறு கணக்கோடு வருவான். செத்தவனுக்குச் செலவே இல்லையே என்பான். ஆய்வாளர்கள் டென்வர், ஹூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ மூன்று நகரங்களையும் ஒப்பிட்டு 2018இல் எழுதினார்கள்: அவசர டயாலிசிஸ் மட்டும் பெற்றவர்கள் ஐந்து ஆண்டில் இறக்கும் அபாயம் 14 மடங்கு அதிகம். அந்த 14ஐ எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள், பற்றிலா, வரவிலா? கணக்கைக் காட்டி அவன் பொய்யை உரிக்கலாம். நம் உரிமையைக் கணக்கின்மேல் கட்டக்கூடாது. லாபம் என்பதற்காக அல்ல, நஷ்டமே ஆனாலும் அவன் மூச்சு விடவேண்டும்.

ஆனால் எண்களால் பயனில்லை என்றும் சொல்லமாட்டேன். அந்த ஆய்வை நடத்தியவர் லிலியா செர்வான்டஸ் என்ற டென்வர் மருத்துவர். தான் கவனித்துவந்த ஒரு தாயின் மரணம்தான் அவரை இந்த வேலையில் இறக்கியது. 2019 பிப்ரவரியில் கொலராடோ மாநிலம், கிட்னி செயலிழப்பே அவசரநிலைதான் என்று ஏற்றுக்கொண்டது. முறையான டயாலிசிஸ் கிடைத்தது. புதுச் சட்டம்கூட இல்லை. ஒரு சொல்லின் பொருளை மாற்றினார்கள், அவ்வளவுதான். கவிதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1972 என்று சொன்னேன். அதே ஆண்டில்தான் கறுப்புச் சிறுத்தைகள் தங்கள் பத்து அம்சத் திட்டத்தைத் திருத்தி, ஒடுக்கப்பட்ட எல்லாருக்கும் முழுக்க இலவச மருத்துவம் என்று கோரிக்கை வைத்தார்கள். கோரிக்கையோடு நிற்கவில்லை. தாங்களே இலவச மருத்துவமனைகள் நடத்தினார்கள், தெருவில் இறங்கி ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதே ஆண்டில்தான் பம்பாயில் அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். பெயரை எடுத்துக்கொண்டோம். ரத்த அழுத்தம் பார்க்கும் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டோமா?

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வரவேண்டும். என் அப்பா கேட்டிருக்கவேண்டிய திட்டம் அது. அவர் காலத்தில் இல்லை. நம் தெருவுக்கு அது ஒழுங்காக வருகிறதா, எத்தனை பேருக்கு வருகிறது, வராத மாதம் எது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சங்கக் கட்டடத்தில் வாரம் ஒருநாள் பிரஷர் பாருங்கள். நல்லாத்தான இருக்கேன் என்று சொல்கிறவரை முதலில் உட்கார வையுங்கள்.

அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். கூட்டிப் பார்த்து, வராத மாதங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த மனுநீதி நாளில் எல்லாரும் சேர்ந்து கலெக்டரைப் பார்ப்போம்.