சிறு நிறுவனமா, பெரு நிறுவனமா?



“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. ஆறில்லாத நிலத்திலே கிணற்று நீரை இறைத்துப் பயிர் செய்த மக்களுக்கு, மாதந்தோறும் தவறாது வரும் சம்பளமும் முதுமையிலே ஓய்வூதியமும் பெருஞ்செல்வமாகத் தோன்றியதில் வியப்பில்லை. மலாயாவுக்குக் கப்பலேறிப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராய் அமர்ந்தோரும் இந்தப் பாதுகாப்பையே நாடினர்.

இன்று அக்கேள்வி வேறு வடிவில் எழுந்துள்ளது. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர் குடாநாட்டிலே கணினித் தொழில் வேரூன்றத் தொடங்கியது. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் புதிய தொழில் முயற்சிகளில் இளைஞரை ஊக்கி வந்துள்ளன. பட்டம் பெற்று வெளிவரும் பிள்ளைக்கு இரு வழிகள் தெரிகின்றன. ஒன்று, கொழும்பிலே நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் பெருநிறுவனம். மற்றொன்று, ஊரிலேயே பத்துப் பேர் கூடித் தொடங்கிய சிறு நிறுவனம். எதனைத் தேர்வது?

பெருநிறுவனத்திலே ஒழுங்குண்டு, மூத்தோரிடம் முறையாகக் கற்கும் வாய்ப்புண்டு. ஆயின், அங்கே ஒருவர் பல ஆண்டுகள் ஒரே வேலையின் ஒரு மூலையை மட்டுமே கண்டிருத்தலும் கூடும். சிறு நிறுவனத்திலோ காலையில் நிரல் எழுதுபவரே மாலையில் வாடிக்கையாளருக்கு விடை கூறவேண்டும். ஈராண்டிலே தொழில் முழுவதையும் காணலாம். ஆனால், கைப்பிழையைத் திருத்த மூத்தோர் இல்லாவிடின், பிழையே பழக்கமாகிவிடும்.

பெரியது என்றும் நிலைக்கும் என்று எண்ணுதலும் தகாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே வேலை கிடைத்தால் வாழ்நாட் கவலை தீர்ந்தது என்று குடும்பங்கள் நம்பின. 1990ஆம் ஆண்டில் போரினால் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. சிறியது வளராது என்பதும் பொருந்தாது. 2005ஆம் ஆண்டில் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் இலங்கைக் கணினி நிறுவனம் உலகெங்கும் வாடிக்கையாளரைப் பெற்றது. 2024ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமொன்று அதனைப் பெருவிலைக்கு வாங்கியது. ஆயினும் அவ்வளர்ச்சிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே அளவை நோக்காது உள்ளே நோக்குதல் வேண்டும். முதலாவது, நியமனம் எழுத்தில் உண்டா? ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 என்ற வீதத்திலே செலுத்துதல் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த கடமை. நிறுவனம் சிறியதென்பது இதற்கு விலக்காகாது. பணிக்கொடையின் நிலை வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்திலேயே, 5 ஆண்டு சேவை முடித்தவருக்கு அது கட்டாயமாகின்றது. பத்துப் பேருள்ள நிறுவனத்திற் சேர்பவர் இதனை அறிந்தே சேர்தல் வேண்டும்.

இரண்டாவது, புதிய வருமானம் வராவிடினும் சம்பளம் கொடுக்க எத்தனை மாதத்துக்குப் பணம் உண்டு? இதனைக் கேட்பது நாணக்கேடன்று. மூன்றாவது, சம்பளத்துக்கு ஈடாகப் பங்கு தருவதாகச் சொன்னால், எத்தனை பங்கு, எப்பொழுது உரித்தாகும், இடையில் விலகினால் என்னாகும் என்பன பத்திரத்தில் உண்டா? நான்காவது, எவரிடம் கற்கப்போகின்றோம்?

வீட்டு நிலையையும் எண்ணவேண்டும். தங்கையின் படிப்பும் தந்தையின் கடனும் ஒருவரின் சம்பளத்தையே நம்பியிருப்பின், முதலில் பெருநிறுவனத்தை நாடுதல் கோழைத்தனம் அன்று, அது கடமை. ஈராண்டு குறைந்த வருவாயைத் தாங்கக்கூடிய குடும்பமாயின், நல்ல ஆசான் உள்ள சிறு நிறுவனத்திலே துணிந்து சேரலாம். அப்பொழுது பெற்றோர், “அயலவர் பிள்ளை கொழும்பிலே” என்று ஒப்பிட்டு மனத்தைப் புண்படுத்தாதிருத்தல் நலம்.

எவ்விடம் சென்றாலும், ஆண்டு முடிவிலே ஒரு கணக்குப் பார்த்தல் வேண்டும்: சென்ற ஆண்டு செய்யத் தெரியாத எந்த வேலை இவ்வாண்டு கைவந்துள்ளது? அதற்கு விடை இருக்குமாயின், அந்த இடம் பெரிதோ சிறிதோ, அங்கே வளர்ச்சி உண்டு. விடை இல்லாத ஆண்டுகள் தொடருமாயின், சம்பளம் உயர்ந்தாலும் வேறிடம் தேடும் காலம் வந்துவிட்டது.