சாலை போடும் கூலி யாருக்கு?
(கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



உட்புற வட்டாரங்களில் சாலைக்கும் பாலத்துக்கும் இரயில் பாதைக்கும் அரசாங்கம் செலவிடும் பணத்தைப் பற்றிப் பேச இன்று கூடியிருக்கிறோம். சாலை வந்தால் பால் லாரி சீக்கிரம் போகும். அது மட்டும் போதுமா? அந்தச் சாலையைப் போடும் கூலி எந்த ஊர்க் கடையில் செலவாகிறது என்றும் நாம் கேட்க வேண்டும்.

பழைய கதையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1959இல் கிராம அபிவிருத்தி அமைச்சு ஏற்பட்டது. பின்னாளில் பிரதமரான துன் அப்துல் ரசாக் அதற்குப் பொறுப்பேற்று, மாவட்டந்தோறும் ஒரு சிவப்புப் புத்தகம் வைக்கச் செய்தார். எந்தக் கம்பத்துக்குச் சாலை, எங்கே பாலம் என்று வரைபடத்தில் குறித்தார்கள். வேலை எந்த அளவில் இருக்கிறதென்று அவரே நேரில் போய்க் கேட்டார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், தோட்டம் தனியார் நிலமல்லவா? சாலை தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே லயத்துக்கு வேண்டியதெல்லாம் முதலாளியின் பொறுப்பு என்றார்கள். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அந்த முதலாளியையும் காணோம்!

1956இல் தொடங்கிய பெல்டாவைப் பாருங்கள். காட்டை வெட்டிச் சாலை போட்டதோடு அது நிற்கவில்லை. குடியேறியவர்களுக்கு வீடும், ரப்பர் நிலமும், பிறகு செம்பனையும் கிடைத்தன. சாலை வேலை முடிந்த பிறகும் அங்கே பிழைப்பு இருந்தது. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்குத் தரை வழியே போகிறவர் தெற்கே கோலாலம்பூர், குவாந்தான் என்று நாட்டையே சுற்ற வேண்டியிருந்தது.

கிழக்குக் கரை இரயில் பாதை 2018இல் நிறுத்தப்பட்டு, 2019இல் மறுபடியும் தொடங்கியது. அப்போது கட்டுமான வேலையில் உள்நாட்டு ஒப்பந்தக்காரர்களின் பங்கு 30 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. பேசினால் ஒப்பந்தத்தில் எழுத வைக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் ஒப்பந்தக்காரர் உள்நாட்டவர் என்பதால், மண்வெட்டி பிடிப்பவரும் அந்த வட்டாரத்துக்காரர் என்று ஆகிவிடாது. அவர் தம்முடைய ஆட்களையே லாரியில் ஏற்றி வருவார். வேலை முடிந்ததும் அதே லாரியில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நம் ஊரில் மிஞ்சுவது புழுதிதான்.

எல்லா வேலையும் நமக்கே வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மலையைக் குடைவது நம்மால் ஆகாது. புல்டோசர் செய்கிற வேலைக்கு மண்வெட்டியோடு போட்டியிடவும் முடியாது. ஆனால் கால்வாய் வாருவது, மதகு கட்டுவது, சாலையோரப் புல் வெட்டுவது, மழையில் சரிந்த மண்ணை அள்ளுவது எல்லாம் ஆண்டு முழுவதும் உள்ள வேலைகள். ஆள் கணக்கும் ஸ்டோர் கணக்கும் எழுத நம் கிராணிமார்களைவிடத் தேர்ந்தவர்கள் யார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். மரம் இலை உதிர்த்துப் பால் குறைகிறதே, அந்த மாதங்களில்தான் வீட்டில் அரிசிக் கணக்கு இடிக்கிறது. பெரும்பாலும் அவை வெயில் மாதங்கள். மண் வேலைக்கு அதைவிட நல்ல காலம் ஏது? மாவட்டச் சாலைப் பராமரிப்பை அந்த மாதங்களில் வையுங்கள், சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களை முதலில் கூப்பிடுங்கள், இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை. மழையில் வெட்டு நின்ற நாளுக்கு இது ஈடாகாது. அதை வேறு கூட்டத்தில் பேசுவோம்.

வருகிற மாதம் மாவட்ட அலுவலகத்துக்கு மனு கொண்டு போகிறோம். வெறும் மனுவைக் கொடுத்தால், "ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். ஆகையால் பால் குறையும் மாதங்களில் வேலைக்கு வர இசைகிறவர்கள், ஆண்கள் பெண்கள் இருபாலரும், கூட்டம் கலையுமுன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். தாளும் பேனாவும் வாசல் மேசையில் இருக்கின்றன.